கடைமடைக்கு ரத்தம்: கால் அடைப்புக்கு நடையா, பலூனா, பைபாஸா?

பெரியப்பாவின் இடது காலில் இரண்டாம் விரல் கறுக்கத் தொடங்கியபோது வீட்டில் எல்லாரும் அதைச் சேற்றுப்புண் என்றே நினைத்தோம். சம்பா நடவு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடவு முடிந்த கையோடு எங்கள் நீடாமங்கலம் பக்கம் பாதி ஊருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். இவருக்குக் காயவில்லை. 18 வருட சுகர். வயலில் முள் குத்தியதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது வாரம் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. டவுனில் முதலில் காட்டிய இடத்தில், "விரலை எடுத்துடலாம், நாளைக்கே வாங்க" என்றார்கள். காலில் நாடி பார்க்கவில்லை.

மறுநாள் அங்கே போகாமல் தஞ்சாவூருக்கு வண்டி ஏறினோம். அது பெரியம்மாவின் பிடிவாதம். அங்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் முதலில் செய்தது, குனிந்து பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைத் தேடியதுதான். கிடைக்கவில்லை. கணுக்காலின் உள்பக்கத்திலும் இல்லை. "ரத்தமே வராத இடத்துல விரலை வெட்டினா, வெட்டின புண் எப்படி ஆறும்? அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்னு மேல மேல போகும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளில் எதைச் செய்வது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை. மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். சீட்டில் எழுதியதை எடுத்துக் கொடுத்துப் பழகியவனுக்கு, எழுதாததையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை அப்போதுதான் வந்தது.

காலுக்கு ரத்தம் போகிற வழி டெல்டாக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, இடுப்பு வழியாகத் தொடைக்கு வருகிறது. முழங்காலுக்குக் கீழே மூன்று கிளையாகிறது. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பைப் பார்த்தவர்களுக்கு இது கண்முன் நிற்கும்: வந்த வெண்ணாறு ஒன்று, போகிற ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்று. கால் விரல்தான் கடைமடை. பீடி, சிகரெட் பழக்கம் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் அடைக்கும். சுகர் முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய கிளைகளைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு எல்லா இடத்திலும் அடைப்பு இருக்கும். அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையும் மாறுகிறது.

எங்கள் கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் கால் அடைப்புதான். ஆனால் அவர் கதை வேறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தால் பாதி வழியில் கெண்டைச்சதை இறுக்கிப் பிடிக்கும். நிற்பார், இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும், மறுபடி நடப்பார். இரண்டு வருடம் அதை நரம்புக் கோளாறு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுக்கும் ரத்த அழுத்தத்தையும் கணுக்காலில் எடுக்கும் அழுத்தத்தையும் ஒப்பிடும் சோதனையில் அவருக்கு 0.7 வந்தது. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. பெரியப்பாவுக்கோ இதே சோதனை 1.4-க்கு மேலே காட்டியது. சுகரில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால், கட்டும் பட்டையால் அதை நசுக்க முடியாது, எண் பொய்யாக ஏறிவிடும். கால் கட்டைவிரலில் அழுத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. சுகர் உள்ளவருக்குக் கணுக்கால் எண் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தியாகிவிட வேண்டாம்.

அண்ணனின் ஆசை பலூன், அதாவது ரத்தக்குழாய்க்குள் சின்ன பலூனை விட்டு ஊதி அடைப்பை அகட்டுவது. "ஒரே நாள்ல முடிஞ்சிடுமாமே தம்பி, எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன், அவருடைய மருத்துவரும் அதையே சொன்னார். நடக்கும்போது மட்டும் வலி வருகிற கட்டத்தில் உள்ளவர்களில் பெரும்பாலோர் காலை இழப்பதில்லை. அவர்களுக்குப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான். காலில் படிந்த கொழுப்பு பெரும்பாலும் இதயத்திலும் கழுத்துக் குழாயிலும் படிந்திருக்கும். அதற்கு மருந்து கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், பீடியை விடுவது, பிரஷரையும் சுகரையும் பிடித்து வைப்பது. காலுக்கு மருந்து நடை. வலி வரும்வரை நட, நில், விட்டதும் மறுபடி நட. ஒரு தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி, வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். அடைத்த இடத்தைச் சுற்றியுள்ள சின்னக் குழாய்கள் அகன்று கொடுக்கும், சதையும் கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகும்.

இடுப்புக் குழாய் அடைப்புக்காரர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த க்ளெவர் என்ற ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தவர்கள் ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் கம்பிவலைக் குழல்) வைத்துக்கொண்டவர்களைவிட அதிக நேரம் நடந்தார்கள். நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் கூடுதல் திருப்தி சொன்னார்கள். ஆகவே மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஸ்டென்ட் பற்றி யோசிக்கலாம். அதுவும் அடைப்பு இடுப்புக் குழாயில் இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். அங்கே குழாய் அகலம், ரத்த ஓட்டம் வேகம், வைத்த ஸ்டென்ட் பல வருடம் திறந்தே இருக்கும். சிலோஸ்டசால் என்றொரு மாத்திரை நடக்கும் தூரத்தைக் கூட்டும், ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கடையில் பழைய சீட்டைக் காட்டி இதைக் கேட்பவர்களிடம் நான் முதலில் இதயத்தைப் பற்றித்தான் விசாரிப்பேன்.

சரி, பெரியப்பாவுக்கு வருகிறேன். அவரை நடக்கச் சொல்ல முடியாது. விரல் கறுத்திருக்கிறது, ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூங்குகிறார். இது வேறு கட்டம். இங்கே ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் கால் போகும். இந்த இரண்டு கட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, டீக்கடை அண்ணனுக்கு அவசரமாகப் பலூனும், பெரியப்பா மாதிரி ஆளுக்கு ஆறு மாதம் எண்ணெயும் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

அவர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. பலூன், பைபாஸ், காலை எடுப்பது.

பலூன் சிகிச்சை பிறந்ததே காலை வெட்டவிட மறுத்த ஒரு பாட்டியால்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், விரல் அழுகிய 82 வயதுப் பெண் ஒருவர் காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தொடைக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடிமனான குழல்களை ஏற்றி அடைப்பை அகட்டினார். கால் சூடானது, புண் ஆறியது. அந்தப் பாட்டி இறக்கும்வரை தன் காலிலேயே நடந்தார். பின்னர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் 1974-ல் சூரிச்சில் பலூன் வைத்த குழலைக் காலுக்கும், 1977-ல் இதயத்துக்கும் கொண்டுவந்தார். நம் ஊரில் இதயத்துக்கு வந்த வைத்தியத்தைக் காலுக்கும் செய்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். வரலாறு தலைகீழ்.

பலூனைத் தூர்வாருவதோடு ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மருத்துவர் திருத்தினார்: தூர்வாரினால் வண்டல் வெளியே வரும். பலூன் எதையும் வெளியே எடுப்பதில்லை. படிவைச் சுவரோடு சேர்த்து நசுக்கி வழி உண்டாக்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மறுபடி சுருங்குகிறது. முழங்காலுக்குக் கீழே பலூன் செய்த குழாய் ஒரு வருடத்துக்குள் மறுபடி சுருங்குவது சகஜம். தொடைக் குழாயில் மருந்து பூசிய பலூன் இந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. அதில் பூசும் பாக்லிடாக்சல் உயிரிழப்பைக் கூட்டுகிறதோ என்று 2018 டிசம்பரில் ஒரு பகுப்பாய்வு சந்தேகம் கிளப்பியது. கூடுதல் தரவுகளைப் பார்த்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இந்தப் பலூன் சாதாரணப் பலூனைவிட மேல் என்பது நிலைநாட்டப்படவில்லை. ஆகவே அந்த இடத்துக்கு விலை கூடிய பலூனை யாராவது சொன்னால் ஏன் என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

தொடை இடுக்கில் ஓடும் குழாய் மட்டும் தனி ரகம். உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடங்குகிற இடம், அங்கே வைத்த ஸ்டென்ட் நசுங்கவோ ஒடியவோ வாய்ப்பு உண்டு. அங்கே அடைப்பு என்றால் சின்னதாகக் கீறித் திறந்து, படிவைச் சுரண்டி எடுத்துத் தைப்பதுதான் வெகுகாலமாக நிலைத்த வழி. இதுதான் நிஜமான தூர்வாரல்!

பைபாஸ் என்பது அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது. வெட்டுவதற்கு வேண்டிய குழாய் நோயாளியின் காலிலிருந்தே வருகிறது. கணுக்காலிலிருந்து தொடை இடுக்குவரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரை அது. செயற்கைக் குழாயும் உண்டு, ஆனால் முழங்காலுக்குக் கீழே அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நல்ல சிரையில் போட்ட பைபாஸ் பல வருடம் ஓடும். விலையாகக் கேட்பது: நீளமான கீறல், மயக்க மருந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரி வாசம், சுகர் காலில் அந்தக் கீறல் ஆற வேண்டிய கவலை, இதயத்துக்கு ஒரு பெரிய பரீட்சை. பலூனுக்கு உணர்விழக்கச் செய்யும் ஊசி தொடை இடுக்கில் மட்டும் போதும். மறுநாளே எழுந்து நடக்கலாம்.

எது மேல் என்பதில் உலகத்து நிபுணர்களுக்கே ஒரே பதில் இல்லை. 2022-ல் வெளிவந்த பெஸ்ட் சிஎல்ஐ ஆய்வில் 1,830 நோயாளிகள். நல்ல சிரை உள்ளவர்களில், காலுக்குப் பெரிய பாதிப்போ மரணமோ ஏற்பட்டது பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம், பலூன், ஸ்டென்ட் போன்ற குழாய்வழிச் சிகிச்சையில் 57.4 சதவீதம். பைபாஸுக்கே தெளிவான வெற்றி. நல்ல சிரை இல்லாதவர்களில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அடுத்த வருடமே பிரிட்டனிலிருந்து பேசில் 2 என்ற ஆய்வு வந்தது. 345 பேர், எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. அதில் கால் இழப்போ மரணமோ பைபாஸில் 63 சதவீதம், குழாய்வழியில் 53 சதவீதம். அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம், குழாய்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் மரணம் குறைவாக இருந்ததே. முதல் ஆய்வை மட்டும் காட்டுகிற மருத்துவரிடமும், இரண்டாவதை மட்டும் காட்டுகிறவரிடமும் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. நான் இரண்டையும் சேர்த்துப் படித்துப் புரிந்துகொண்டது இவ்வளவு: நல்ல சிரை, தாங்குகிற இதயம், இன்னும் சில வருடமாவது வாழும் உடம்பு, நீளமான அடைப்பு என்றால் பைபாஸைத் தள்ளிவிடக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் பலூன் பக்கம் தராசு சாயும்.

எங்கள் விவாதத்தை முடித்து வைத்தது ஆய்வு இல்லை, ஒரு தழும்பு. மருத்துவர் பெரியப்பாவின் வேட்டியை விலக்கிப் பார்த்தார். இடது காலின் உள்பக்கம் கணுக்காலிலிருந்து தொடைவரை பழைய தையல் கோடு. ஒன்பது வருடத்துக்கு முன் இதய பைபாஸுக்கு அந்தச் சிரையைத்தான் எடுத்திருந்தார்கள். வலது காலில் சிரை சுருண்டு புடைத்துக் கிடந்தது, உதவாது. இதயத்தின் துடிப்புத் திறனும் பாதிக்கு மேல் இல்லை. "என் காலுக்கு வேண்டியதை நெஞ்சுக்குக் கொடுத்துட்டாங்க" என்றார் பெரியப்பா. பலூன் என்று முடிவானது. (புடைத்த சிரைக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறவர்கள், சுகரும் அடைப்பும் இருந்தால் இதை முதலிலேயே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. சுட்டு மூடிய சிரை பின்னால் கேட்டால் கிடைக்காது.)

தடங்கல் ஒன்று இருந்தது, சிறுநீரகம். அதன் வேலையைக் காட்டும் ரத்தச் சோதனையான கிரியாட்டினின் 1.8, இருக்க வேண்டியதைவிட அதிகம். குழாயைப் படத்தில் பார்க்கச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். அதனால் சிடி ஆஞ்சியோ எடுக்காமல் ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரை வைத்தே திட்டம் போட்டார்கள். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி வைத்தார்கள், சாயத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தார்கள். சில இடங்களில் சாயத்துக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்தியும் படம் எடுப்பதுண்டு. இரண்டு மணி நேரம் ஆனது. பெரியப்பா முழித்துக்கொண்டே இருந்தார், உள்ளே நர்ஸிடம் நெல் ஈரப்பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். மூன்று கிளையில் முன்கிளை பாதம்வரை திறந்தது, ஒன்று பாதிவரை, பின்கிளை திறக்கவே இல்லை. ஒரு கிளை பாதம்வரை ஓடினாலே பெரும்பாலும் புண் ஆறப் போதுமாம்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கறுத்த விரலை எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் சிவப்பாக ரத்தம் கசிந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்று மருத்துவர் சிரித்தார். டவுனில் முதல் நாள் சொன்ன அதே விரல்தான் கடைசியில் போனது. வரிசை மட்டும் மாறியது: முதலில் ரத்தம், அப்புறம் கத்தி.

புண் முழுதாக ஆற நாலு மாதம் ஆனது. பலூனா பைபாஸா என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த நாலு மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் செய்தார், அது இல்லாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் பஸ். எட்டாவது மாத டாப்ளரில் திறந்த கிளை மறுபடி சுருங்கியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவர் பதறவில்லை. ஆறாத புண்ணுக்கு நிறைய ரத்தம் வேண்டும், ஆறிய தோலுக்குக் கொஞ்சம் போதும், வலியோ புண்ணோ திரும்பாதவரை மறுபடி கை வைக்கத் தேவையில்லை என்றார். பலூன் வாங்கித் தருவது இந்த அவகாசத்தைத்தான். இளம் வயதுக்காரருக்கு அந்த அவகாசம் போதாமல் போகலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருகிறதா, எத்தனை பலூன், எத்தனை ஸ்டென்ட் வரை என்று படுப்பதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

காலை எடுப்பது பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. ஆனால் சீழ் மேலேறி உயிருக்கே ஆபத்தாகும்போது, அல்லது ஏற்கெனவே படுக்கையில் இருப்பவரின் கால் மடங்கி இறுகிவிட்டபோது, அதுதான் கருணையான வழி. முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் பெரிய லாபம். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் செயற்கைக் காலில் நடக்கும் வாய்ப்பு மேலே எடுத்தவரைவிட நிறைய அதிகம்.

முப்பது நாற்பது வயதில், சுகரே இல்லாமல், பீடி குடிக்கிறவருக்கு விரல் கறுத்தால் அது பெரும்பாலும் பர்ஜர் நோய். அடைப்பு நுனிக்குழாய்களில் இருப்பதால் பைபாஸ் கொண்டுபோய் இணைக்க இடமே இருக்காது. பலூனும் சில பேருக்குத்தான். புகையிலையை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் விட்டால்தான் நிற்கும். குறைத்துக்கொண்டேன் என்பது இந்த நோயிடம் செல்லாது.

இன்னொன்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரமே கிடையாது. நன்றாக இருந்த கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால், அது ரத்தக்கட்டி வந்து அடைத்தது. ஆறு மணி நேரத்துக்குள் திறக்கப் பார்க்க வேண்டும். முத்துப்பேட்டையிலோ வேதாரண்யத்திலோ இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் கூடாது. உணர்வில்லாத காலில் அது தோலை வேகவைத்துவிடும்.

பெரியப்பா இப்போது எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வரப்போடு நிற்கிறார், சேற்றில் இறங்குவதில்லை. பெரியம்மா தினமும் ராத்திரி கண்ணாடியைப் பிடித்து அவர் உள்ளங்காலைப் பார்க்கிறார். போன மாதம் பெரியப்பாவுக்கு நடக்கும்போது வலது கெண்டைச்சதை பிடிக்க ஆரம்பித்தது. உடனே கேட்டார், "இந்தக் காலுக்கும் பலூன் விட்டுடலாமா?" மருத்துவர் பார்த்தார். புண் இல்லை, படுத்தால் வலி இல்லை. நடங்கள் என்று சொல்லிவிட்டார். டீக்கடை அண்ணனுக்குச் சொன்ன அதே வைத்தியம். ஆற்றங்கரை ரோட்டில் காலையில் கிளம்புகிறார். முதல் வாரம் மூன்றாவது மின்கம்பத்தில் நின்றார். நேற்று ஏழாவது.